வெறுந்தட்டம் திரும்புவதில்லை

டிசெம்பர் மாதம் பிறந்துவிட்டால் லைப்சிக் நகரத்து யன்னல்கள் எல்லாம் விளக்கேந்தி நிற்கும். எர்ற்ஸ்கெபிர்கே மலைநாட்டுச் சுரங்கத் தொழிலாளரின் வழக்கத்திலிருந்து வந்த, வில்லைப் போல வளைந்த மரச்சட்டத்தில் வரிசையாக எரியும் விளக்குகள் ஒரு யன்னலில் இருக்கும். ஹேர்ன்ஹூட் என்னும் சிற்றூரின் பெயரைத் தாங்கிய பலமுனை நட்சத்திரம் அடுத்த யன்னலில் தொங்கும். இந்நகரின் நத்தார்ச் சந்தையைப் பற்றிய முதற் குறிப்பு 1458 ஆம் ஆண்டுக்குரியது என்பர். யொஹான் செபஸ்ரியன் பாக் தமது நத்தார் இசைக்காவியத்தை 1734 ஆம் ஆண்டு முதன்முதலாக அரங்கேற்றியதும் இந்நகரத் தேவாலயங்களிலேதான். நத்தாரைக் கொண்டாடுவது எப்படி என்று எவரும் லைப்சிக் மக்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் விளக்கெரியும் யன்னலை வீதியில் நின்று பார்ப்பவனுக்கு அந்த வெளிச்சம் வேறொரு விதமாகத் தோன்றும். பண்டிகை நாள் ஏழைக்கும் அகதிக்கும் மற்றைய நாட்களை விடக் கனமானது. கடைகள் பூட்டியிருக்கும். அலுவலகங்கள் பூட்டியிருக்கும். பிள்ளைகள் பாடசாலையிலிருந்து வந்து, தம் வகுப்பில் யார் யாருக்கு என்னென்ன பரிசு கிடைக்கப் போகின்றது என்று கூறுவார்கள். தாய் அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த வாரப் பத்தியில் நாம் எழுத எண்ணியது அந்த நாட்களில் கதவைத் தட்டிய அயலவரைப் பற்றி. அவர்களுக்கு நாம் எதனைத் திருப்பிக் கொடுத்தோம் என்பதைப் பற்றியும்.

நம்மவர் ஜேர்மனியின் மேற்குப் பகுதியில், அதிலும் நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்திலேயே கூடுதலாக வாழ்பவர்கள். லைப்சிக் பக்கம் சென்று தங்கியவை சில குடும்பங்களே. 1990 இல் இரு ஜேர்மனிகளும் இணைந்த பின்னர், தஞ்சம் கோருவோரைக் கிழக்கு மாநிலங்களுக்கும் பங்கிட்டு அனுப்பும் ஏற்பாடு வந்தது. அப்படி அனுப்பப்பட்ட குடும்பங்களுள் எமக்கு நன்கு பழக்கமான ஒன்று, சில காலம் ஹைமில் இருந்துவிட்டு, 1992 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் லைப்சிக்கின் மேற்கு ஓரத்திலுள்ள குறூனாவ் என்னும் குடியிருப்பில் வீடு பெற்றது. 1976 இல் கட்டத் தொடங்கப்பட்ட, கொங்கிறீற் பலகைகளை அடுக்கி எழுப்பிய மாடி வீடுகள் அவை. வரிசை வரிசையாக ஒரே முகம். எந்தக் கட்டிடம் தன்னுடையது என்று குடும்பத் தலைவருக்கே முதல் மாதத்தில் இரு தடவை தடுமாறியதாகச் சொல்வார்.

அந்தக் காலத்தை நினைவுள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே சக்சன் மாநிலத்தைச் சேர்ந்த ஹொயர்ஸ்வேர்டாவில் 1991 செப்ரெம்பரில் வெளிநாட்டவரின் விடுதிகள் தாக்கப்பட்டன. 1992 ஓகஸ்ற்றில் றொஸ்ரொக் நகரத்து லிக்ரன்ஹாகனில் விடுதிக்குத் தீ வைக்கப்பட்டபோது, சுற்றி நின்று கைதட்டியவர்களும் இருந்தார்கள். நொவெம்பர் மாதம் மேற்கே மொல்ன் நகரில் வீட்டுக்கு இட்ட தீயில் துருக்கிக் குடும்பமொன்றில் மூவர் மாண்டனர். குறூனாவ் வீட்டுத் தாய் இரவில் நித்திரைக்குப் போகுமுன் வாளியில் தண்ணீர் நிரப்பிக் கதவடியில் வைப்பாள். வெளிவாசலில் காலடி கேட்டால் விழித்துக்கொள்வாள்.

நம்மவர் வழக்கப்படி அவ்வீட்டில் எவரும் சப்பாத்தோடு உள்ளே நுழைவதில்லை. ஐந்து சோடிச் சப்பாத்துகளும் கதவுக்கு வெளியே, படிக்கட்டு மேடையிலே கிடக்கும். இது கட்டிட ஒழுங்குக்கு மாறானது. படிக்கட்டைக் கூட்டிக் கழுவும் முறை வாரத்துக்கு ஒரு வீடாக மாறி வரும். முறை வந்த வீட்டின் கதவில் ஒரு மட்டை தொங்கவிடப்படும். கீழ் மாடியில் தனித்து வாழ்ந்த முதிய பெண்மணி ஒருவர், தம்முடைய முறை வந்தபோதெல்லாம் சப்பாத்துகளைச் சுட்டிக்காட்டித் தலையை ஆட்டி ஏதோ சொல்லுவார். தாய்க்கு டொச் விளங்காது. விளங்காவிட்டாலும் அது வாழ்த்து அல்ல என்பது விளங்கும்.

டிசெம்பர் 6 ஆம் திகதி காலை கணவர் வேலைக்குப் போகும் அவசரத்தில் சப்பாத்தினுள் காலை விட்டபோது உள்ளே ஏதோ தடக்குப்பட்டது. "கையை வைக்காதேங்கோ!" என்று மனைவி கத்தியிருக்கிறாள். மொல்ன் நெருப்புக்கு இரண்டு வாரமும் ஆகவில்லை. கதவுக்கு வெளியே கிடந்த சப்பாத்துக்குள் இரவோடிரவாக யாரோ எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றால், அதனை அவள் வேறெப்படி எண்ணுவாள்? பிள்ளைகளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, தும்புத்தடியின் காம்பால் ஒரு சப்பாத்தை மெல்லக் கவிழ்த்தார்கள். உருண்டு வந்தவை ஒரு மண்டரின் தோடம்பழமும், வால்நட் கொட்டைகளும், சிவப்புக் கடதாசி சுற்றிய சொக்கிலேற் தாத்தா ஒருவரும். ஐந்து சோடியிலும் அதுவே. கணவருடைய, சேறு படிந்த வேலைச் சப்பாத்தில்கூட வஞ்சகமில்லாமல் வைக்கப்பட்டிருந்தது.

டிசெம்பர் 5 ஆம் திகதி இரவு ஜேர்மன் பிள்ளைகள் சப்பாத்துகளைத் துடைத்து வாசலில் வைப்பார்கள் என்பதும், புனித நிக்கொலாஸ் இரவில் வந்து அவற்றை நிரப்பிச் செல்வார் என்பதும் அவர்களுக்கு அன்று தெரியாது. மிரா நகரத்து ஆயரான அவர், சீதனமில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இருளில் பொன்முடிப்பை எறிந்துவிட்டு முகம் காட்டாமல் போனவர் என்று கதை. கீழ் வீட்டுப் பெண்மணி அந்த ஐந்து சோடிச் சப்பாத்துகளையும் பார்த்திருக்கிறார். அவை ஆண்டு முழுவதும் அங்கேதான் கிடக்கின்றன என்பது மற்றெல்லோரையும் விட அவருக்கே நன்கு தெரியும். அந்த ஓர் இரவுக்கு மட்டும், அவை நிக்கொலாஸுக்காக வைக்கப்பட்டவை என்று எடுத்துக்கொள்ள அவர் தீர்மானித்துவிட்டார்.

அதே நாள் மாலை மியூனிச் நகரில் வெளிநாட்டவர் மீதான வன்முறையைக் கண்டித்து ஏறத்தாழ 4 இலட்சம் பேர் விளக்கேந்தி வீதிகளில் நின்றார்கள். தொலைக்காட்சியில் அதனைக் கண்டபோது நம்பிக்கை வந்தது என்று கணவர் கூறுவார். மனைவியோ தனக்கு நம்பிக்கை வந்தது தோடம்பழத்தைக் கண்டபோதே என்பாள். இருவர் சொல்வதையும் நாம் மறுக்கவில்லை. ஆனாலும் தும்புத்தடி பிடித்தவள் அவள்.

பின்னர் நத்தாருக்கு இரு நாட்கள் முன்பதாகப் பெண்மணி ஒரு தட்டில் ஸ்ரொலன் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். முந்திரிகை வற்றலும் வாதுமையும் இட்டு, மேலே சீனித்தூள் தூவிய அந்தக் கனத்த பணியாரத்தைச் சக்சன் நாட்டில் உண்ணாதவர் இல்லை. தாய் அந்தத் தட்டைக் கழுவித் துடைத்துவிட்டு, குசினியில் நின்று யோசித்தாள். ஊரிலே அயல் வீட்டிலிருந்து தட்டம் வந்தால் அதனை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கமில்லை. ஒன்றுமில்லாத வீட்டிலும் ஒரு பிடி சீனியாவது வைத்தே அனுப்புவார்கள். அன்று அவளிடம் பயறு இருந்தது. ஹைமில் இருந்த காலத்தில் பேர்லினிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. வறுத்து, இடித்து, பயற்றம் பணியாரம் சுட்டுத் தட்டில் அடுக்கி மூத்த மகளிடம் கொடுத்துவிட்டாள்.

கதவைத் திறந்த பெண்மணி தட்டைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். அழுதுவிட்டாராம்.

ஏன் அழுதார் என்பது, பிள்ளைகள் டொச் நன்றாகப் பேசப் பழகிய பின்பே அவ்வீட்டுக்கு விளங்கியது. பிரிந்திருந்த காலத்தில் கிழக்கு ஜேர்மனியில் பண்டிகைக் காலம் என்றால் மேற்கிலுள்ள உறவினர் அனுப்பும் பொதிக்காகக் காத்திருக்கும் காலம். ஆண்டொன்றுக்கு இரண்டரைக் கோடி அளவிலான பொதிகள் எல்லை கடந்து வந்ததாகக் கணக்கிடுவர். கோப்பி, சொக்கிலேற், சவர்க்காரம், நைலோன் காலுறை. பொதியின் மேல் இது பரிசு, வணிகப் பொருளன்று என்று எழுதியிருக்க வேண்டும். உள்ளிருப்பவற்றின் பட்டியல் வைக்க வேண்டும். அதிகாரிகள் பிரித்துப் பார்ப்பார்கள். பாவித்த உடுப்பாயின் கிருமி நீக்கியதற்கான அத்தாட்சி வேண்டும். வாங்குபவரின் மனநிலையைச் சொல்லத் தேவையில்லை. எதிர்பார்ப்பும் கூச்சமும் ஒரே பெட்டிக்குள் வந்து சேரும். கோப்பியின் மணத்தை வருடம் முழுவதும் நினைத்திருப்பார்கள். அதே நேரம், தாம் இரந்து வாழ்வதாக மேற்கிலுள்ளவர் எண்ணிவிடுவார்களோ என்றும் நெஞ்சு உறுத்தும்.

ஆகவே அவர்கள் ஸ்ரொலன் சுட்டு மேற்குக்கு அனுப்பினார்கள். அதற்கு வேண்டிய முந்திரிகை வற்றலும் வாதுமையும் கிழக்கில் அரிது. பல வீடுகளில் அவை மேற்கிலிருந்து வந்த பொதிக்குள்ளேதான் இருந்தன. அங்கிருந்து வந்ததை மாவோடு பிசைந்து, சுட்டு, அங்கேயே திருப்பி அனுப்பினார்கள். பொருளாதார அறிஞர் எவரும் இதில் இலாபம் காண மாட்டார். ஆயினும் கீழ் வீட்டுப் பெண்மணி, தமது வாழ்நாளில் ஹனோவரிலிருந்த தமக்கைக்கு ஸ்ரொலன் அனுப்பத் தவறிய ஆண்டு ஒன்றேயொன்று என்றும், அந்த ஆண்டுப் பொதியைத் திறக்கவே தமக்கு மனம் வரவில்லை என்றும் சொன்னாராம். சுவர் வீழ்ந்து மூன்று ஆண்டுகளின் பின், இலங்கைத் தீவிலிருந்து வந்த ஒரு பெண் தம் தட்டை நிரப்பித் திருப்பியனுப்பியபோது, அவர் அந்தப் பெண்ணை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

பிள்ளைகள் அவரை 'ஓமா' என்று அழைக்கத் தொடங்கினார்கள். டொச்சில் பாட்டிக்கு அதுவே பெயர். தாய்க்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. "ஓமா?" என்று பிள்ளை கூப்பிட, அவள் குசினியிலிருந்து "ஓம்" என்று மறுமொழி சொல்லிவிடுவாளாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்போது கொடுத்தவர்கள் செல்வந்தர்கள் அல்லர். நாடுகள் இணைந்த சில ஆண்டுகளுக்குள் லைப்சிக்கின் பழைய தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலையிழந்தோர் மேற்கு நோக்கிப் போனார்கள். 1989 இல் 5 இலட்சத்து 30 ஆயிரம் அளவில் இருந்த நகரத்தின் மக்கள் தொகை 1998 இல் 4 இலட்சத்து 40 ஆயிரம் அளவுக்கு இறங்கியது. (இன்று அது 6 இலட்சத்தைத் தாண்டி மீண்டுவிட்டது.) நிக்கொலாஸின் பெயரைத் தாங்கிய நிக்கொலாய் தேவாலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமைதோறும் சமாதானப் பிரார்த்தனை நடந்து வந்தது. 1989 ஒக்டோபர் 9 ஆம் திகதி அங்கிருந்து புறப்பட்ட ஊர்வலத்தில் 70 ஆயிரம் பேர் அளவில் திரண்டார்கள், துப்பாக்கி வெடிக்கவில்லை. அத்தேவாலயம் எல்லோருக்கும் திறந்தது என்ற அறிவிப்பு அதன் வாயிலில் இருந்தது. அதன் போதகராயிருந்த, 2014 இல் காலமான கிறிஸ்ரியான் பூரர், சுவர் வீழ்ந்த பின்னர் வேலையற்றோருக்காகவும் குரல் கொடுத்தவர். விடுதலை கிடைத்த ஊரில் வேலை போய்விட்டது. அந்தக் காலத்தில் ஓய்வூதியத்தில் வாழ்ந்த ஒரு கிழவி வாங்கிய ஐந்து தோடம்பழங்களின் விலையை நாம் யூரோவில் கணக்கிட விரும்பவில்லை.

எல்லாக் கொடையும் இப்படி வந்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். 1993 நொவெம்பர் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், தஞ்சம் கோருவோருக்குப் பணத்துக்குப் பதிலாகப் பொருளாகவே உதவி வழங்குவதை முதன்மைப்படுத்தியது. உணவுப் பொதிக்காக வரிசையில் நின்ற நம்மவர் பலர் இன்றும் அதனை மறக்கவில்லை. சைவ போசனக்காரியான ஒரு மூதாட்டிக்கு மாட்டிறைச்சி ரின் மூன்று கொடுக்கப்பட்டதும், அவர் அதனைத் தொடவும் முடியாமல் எறியவும் மனமில்லாமல் அலுமாரியின் மேல் தட்டில் வைத்துத் துணியால் மூடிவிட்டதும் எமக்குத் தெரியும். இன்னொரு நகரில் ஓர் அமைப்பு அகதிப் பிள்ளைகளுக்கு நத்தார் விருந்து வைத்தது. மண்டபம் அழகு, உணவு தாராளம், பரிசுகளும் நல்லவை. ஆனால் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் வரும்வரை எவரும் பரிசைப் பிரிக்கக் கூடாது என்றார்கள். அவர் ஒரு மணி நேரம் பிந்தி வந்தார். பிள்ளைகளைப் பொதியோடு வரிசையாக நிறுத்திப் படமெடுத்தார்கள். எட்டு வயதுப் பெண்பிள்ளையொன்று தன் முகத்தைப் பொதியால் மறைத்துக்கொண்டது. அவளுடைய வகுப்பில் அந்தப் பத்திரிகையை வாங்கும் வீடுகள் இருந்தன.

அந்த அமைப்பினர் கெட்ட மனிதர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கொடுப்பது கடினமான வேலை. வாங்குவது அதைவிடக் கடினம் என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை, அவ்வளவே. 1993 இல் பேர்லினில் முதலாவதாகத் தொடங்கி இன்று நாடெங்கும் 900 க்கு மேல் பெருகிவிட்ட 'தாஃபல்' உணவகங்கள், கடைகளில் விற்பனையாகாது எஞ்சும் நல்ல உணவைச் சேர்த்து வறியோருக்கு வழங்குகின்றன. லைப்சிக்கிலும் ஒன்று இயங்குகின்றது. அங்கே நின்று மரக்கறி தெரிந்து அடுக்குவோருட் பெரும்பாலானோர் சம்பளமில்லாத் தொண்டர்கள். இத்தகைய நல்ல வேலைக்குள்ளும் இடர் வரும். 2018 இன் தொடக்கத்தில் எசன் நகரத்துத் தாஃபல், புதிதாகச் சேர வருவோரில் ஜேர்மன் குடியுரிமை உள்ளோரை மட்டும் ஏற்பதாக அறிவித்து, நாடே அதனைப் பற்றி விவாதித்து, சில மாதங்களில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. வரிசை ஒன்று உண்டானால் அதில் முன்னால் நிற்பவன் யார், பின்னால் நிற்பவன் யார் என்ற கேள்வியும் கூடவே உண்டாகிவிடுகின்றது.

வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமும் ஈகை என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். 22 ஆவது முதலாவதும், 23 ஆவது அடுத்ததும். பக்கத்துப் பக்கத்தில் வைத்தும் இரண்டையும் ஒன்றாக்காமல் விட்டார். ஊரோடு ஒத்து வாழ்பவன் அயலானுக்குச் செய்வது ஒன்று. இல்லாதவனுக்கு உள்ளவன் கொடுப்பது மற்றொன்று. இரண்டும் வேண்டும் என்றாலும், முன்னதை முன்னே வைத்ததில் ஒரு காரணம் உண்டென்றே நாம் கருதுகின்றோம். இதனை ஏன் லைப்சிக் பத்தியில் எழுதுகின்றோம் என்று வாசகர் கேட்கலாம். திருக்குறளை ஜேர்மன் மொழியில் பெயர்த்து 1856 இல் ஒரு நூல் வெளிவந்தது. பெயர்த்தவர் லைப்சிக் மிஷனின் இயக்குநராயிருந்த கார்ல் கிறவுல். தமிழ்நாட்டுக்குச் சென்று தமிழ் கற்றுத் திரும்பியவர். நூல் வெளிவந்த இடம் இதே லைப்சிக் நகரம். நம்மவர் இங்கே கால் வைப்பதற்கு நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் முன்னரே ஒப்புரவு அங்கே அச்சேறிவிட்டது. ஓமா அந்த நூலைப் படித்தவர் அல்லர் என்பதை நாம் உறுதியாகச் சொல்லலாம்.

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி, ஜேர்மனியில் நத்தாரின் இரண்டாம் விடுமுறை நாள், ஆழிப்பேரலை நம் கரையோரங்களை அள்ளிச் சென்றது. முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறை, நாகபட்டினம் என்று ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாகத் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தன. அன்று மாலையே ஓமா மேல்மாடிக்கு ஏறி வந்தார். அப்போது அவருக்கு முழங்கால் வலி. கையில் ஒரு கடித உறை. அதற்குள் தம்முடைய பணம் மட்டுமன்றி, அந்தப் படிக்கட்டில் இருந்த ஏழு வீடுகளின் பணமும் இருந்தது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவர் எழுதி வைக்கவில்லை. கேட்டபோதும் சொல்லவில்லை.

இவற்றையெல்லாம் இப்போது எழுதக் காரணம், கடந்த சில ஆண்டுகளாக நம்மவர் சிலரின் வாயிலிருந்து கேட்கும் ஒரு முணுமுணுப்பு. 2015 இல் சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் ஜேர்மனிக்கு வந்தனர். லைப்சிக் கண்காட்சி வளாகத்தின் மண்டபமொன்றிலும் படுக்கைகள் போடப்பட்டன. 2022 இல் உக்ரைனிலிருந்து வந்தனர். "எங்களுக்கு அந்த நாளில் யார் இப்படிக் கொடுத்தது? நாங்கள் கோப்பை கழுவி முன்னுக்கு வந்தோம், இவைக்கு எல்லாம் கையிலே வருகுது" என்று, சொந்த வீடும் வாகனமும் உள்ள நம் நண்பர் ஒருவர் தேநீர் அருந்தியபடி சொன்னார். நாம் அவரிடம் வாதிடவில்லை. ஆனால் 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு அவர் குடும்பம் வலிகாமத்தை விட்டு மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போனபோது, எங்கே தங்கினார்கள் என்று மட்டும் கேட்டோம். கொடிகாமத்தில், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு விறாந்தையில் என்றார். எத்தனை பேர் என்றோம். நான்கு குடும்பம் என்றார். அந்த ஆண்டு நத்தாருக்கு அந்த வீட்டுக்காரர் தம் தென்னையில் பிடுங்கிய தேங்காயைத் துருவி, இருந்த அரிசி மாவில் எல்லோருக்கும் கொழுக்கட்டை அவித்துக் கொடுத்ததையும் அவரே நினைவுபடுத்திச் சொன்னார். அவ்வீட்டார் சைவர்கள். விறாந்தையில் இருந்த நான்கில் ஒரு குடும்பம் வேதக்காரர். அவர்களுக்காகவே அவித்தார்கள். பிறகு நண்பர் வேறு விடயம் பேசத் தொடங்கினார்.

அந்தக் குறூனாவ் வீட்டு மூத்த மகள், தட்டம் கொண்டுபோன பிள்ளை, இன்று இரு பிள்ளைகளுக்குத் தாய். அதே நகரில் வேலை பார்க்கின்றார். அவரும், அவர் குடியிருக்கும் கட்டிடத்து ஜேர்மன் குடும்பங்கள் மூன்றும், முன்னர் ஒப்பந்தத் தொழிலாளியாக வந்து இப்போது முனையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் வியற்நாமியர் ஒருவருமாகச் சேர்ந்து, சில ஆண்டுகளாக அருகிலுள்ள ஹைமுக்கும் தம் வீதியிலுள்ள கையிறுக்கமான குடும்பங்களுக்கும் பண்டிகைப் பொருள் சேர்த்துக் கொடுக்கின்றார்கள். அமைப்பு இல்லை, பெயர்ப்பலகை இல்லை. பல ஜேர்மன் நகரங்களில் காணப்படும் 'விருப்ப மரம்' என்னும் வழக்கத்தை அவர்கள் தமக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். பிள்ளைகள் தம் விருப்பத்தைச் சிறு கடதாசியில் எழுதுவார்கள். பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கம் இருக்கும். கடதாசிகள் மரக்கறிக் கடையின் கண்ணாடியில் ஒட்டப்படும். விரும்பியவர் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போய், 25 யூரோவுக்கு மேற்படாமல் வாங்கிக் கொடுப்பார்.

இதில் எமக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, பரிசு பிள்ளையின் கையில் கொடுக்கப்படுவதில்லை என்பது. முதல் நாள் இரவு, பிள்ளைகள் உறங்கிய பின், தாயிடமோ தகப்பனிடமோ ஒப்படைக்கப்படும். சுற்றும் கடதாசியும் நாடாவும் தனியே கொடுக்கப்படும். மறுநாள் பிள்ளை தன் தகப்பன் கையிலிருந்தே அதனை வாங்கும். படம் எடுப்பதில்லை. "படமெடுத்தால் கூட ஆட்கள் கொடுப்பார்கள் என்று சிலர் சொல்லுகினம். குறைய வரட்டும்" என்றார் மகள்.

எந்தப் பெருநாளுக்கு வேண்டும் என்றும் முன்னரே கேட்டுவிடுவார்கள். சில குடும்பங்கள் நத்தார் வேண்டாம், நோன்புப் பெருநாளுக்கு வைத்துத் தாருங்கள் என்றார்கள். அப்படியே வைத்துக் கொடுக்கப்பட்டது. உக்ரைன் குடும்பமொன்று, தாங்கள் முன்னர் ஜனவரி 7 இல் கொண்டாடியவர்கள் என்றும், 2023 முதல் தங்கள் நாட்டில் டிசெம்பர் 25 ஆக்கிவிட்டார்கள் என்றும், பாட்டி மட்டும் இன்னும் இணங்கவில்லை என்றும் கூறியதாம். பாட்டிக்கு ஜனவரியில் கொண்டுபோனார்கள். சாப்பாட்டுப் பொருளாயின் பன்றி, மாடு, மதுசாரம் என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்வார்கள். ஸ்ரொலனில் றம் ஊற்றிய வற்றல் இருப்பது பலருக்குத் தெரியாது. நம்மவர் மாட்டிறைச்சி ரின்னில் கற்ற பாடம் இங்கே பயன்படுகின்றது.

சென்ற ஆண்டு நத்தார் கழிந்து மூன்றாம் நாள் மகளின் கதவு மணி அடித்தது. ஹைமில் இருக்கும் சிரியப் பெண்ணொருவர், பேரீச்சம்பழம் உள்ளே வைத்து அச்சில் அமுக்கிச் சுட்ட சிறு பணியாரங்களைக் கடதாசித் தட்டொன்றில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். மோதகத்துக்கு உறவுமுறை போலிருந்ததாக மகள் சொன்னார். அவருடைய தாய், இப்போது எழுபதை நெருங்குகின்றவர், ஒன்றை வாயில் இட்டுப் பார்த்துவிட்டு, கடதாசித் தட்டையும் எறிய விடாமல் துடைத்து எடுத்து வைத்தாராம்.

இந்த ஆண்டுக் கடதாசிகள் கடைக் கண்ணாடியில் ஒட்டப்பட்டுவிட்டன. நாம் சென்று பார்த்தபோது நாற்பதுக்கு மேல் இருந்தன. இதனை எழுதும்போது எஞ்சியிருப்பவை ஒன்பது. காற்பந்து, வர்ணப் பென்சில்கள், தலைமுடி நாடா, பேசும் பொம்மை என்றவாறு பெரும்பாலானவை இலகுவில் வாங்கக்கூடியவை. 31 ஆம் இலக்கக் கடதாசியில் மட்டும் பிள்ளை தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. மாரிகாலச் சப்பாத்து, கறுப்பு, 38 ஆம் அளவு என்று எழுதி, அடைப்புக்குள் 'அம்மாவுக்கு' என்று போட்டிருக்கின்றது. நல்ல சப்பாத்து 25 யூரோவுக்குக் கிடைப்பது கடினம் என்பதால் அதனை எடுத்துப் பார்த்துத் திரும்ப ஒட்டிச் சென்றவர்கள் இருவர் என்று கடைக்காரர் சொன்னார். இருவர் மூவராகச் சேர்ந்து வாங்குவதில் தடையில்லை என மகள் அறிவிக்கச் சொல்லியுள்ளார். டிசெம்பர் 22 ஆம் திகதி மாலைக்குள் கடையில் கொடுத்துவிட வேண்டும்.